குடியேறிகளால் கூலி குறைகிறதா? செய்தியைச் சோதித்துப் படிக்க ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுத் தொழிலாளர் வரவால் உள்நாட்டுக் கூலி சரிந்தது என்று ஒரு நாளிதழும், குடியேற்றத்தால் எவருக்கும் இழப்பில்லை என்று இன்னொரு நாளிதழும் ஒரே வாரத்தில் எழுதுவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதல்ல. இரண்டு செய்திகளுக்கும் பின்னால் பெரும்பாலும் முறையான ஆய்வு ஒன்று இருக்கும். சில வேளைகளில் இரண்டும் ஒரே தரவிலிருந்து பிறந்தவையாகக்கூட இருக்கும். எந்தப் பக்கம் சாய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாமல், அந்த ஆய்வு எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று கண்டறிந்து படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். இதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. சதவீதக் கணக்கும் சற்றுப் பொறுமையும் போதும்.

கூற்றை முழு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்

தலைப்பில் வரும் "கூலி சரிந்தது" என்பது முடிவு பெறாத வாக்கியம். யாருடைய கூலி, எந்தத் தொழிலில், எந்தக் காலத்தில், எதனோடு ஒப்பிடுகையில் என்ற நான்கையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கில் கடைசிக் கேள்விதான் அதிகம் விடுபடுவது. ஆய்வாளர் "குறைந்தது" என்று சொல்லும்போது, கையில் வாங்கிய சம்பளம் போன ஆண்டைவிடக் குறைந்துவிட்டது என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை. குடியேற்றம் நடக்காமல் இருந்திருந்தால் எந்த அளவுக்கு உயர்ந்திருக்குமோ அந்த அளவுக்கு உயரவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

அலகையும் கவனியுங்கள். 2015 இல் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, குறைந்த திறன் தேவைப்படும் சேவைத் தொழில்களில் குடியேறிகளின் பங்கு 10 சதவீதப் புள்ளிகள் கூடினால் அத்தொழில்களில் ஊதியம் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சரிகிறது என்று கணக்கிட்டது. பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) விவாதத்தின்போது இது "குடியேற்றம் 10 சதவீதம் கூடினால் கூலி 2 சதவீதம் குறையும்" என்று சுருங்கிப் பரவியது. ஒரு தொழிலில் நூறு பேரில் 20 பேர் குடியேறிகள் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் கூடினால் அவர்கள் 22 பேர். 10 சதவீதப் புள்ளிகள் கூடினால் 30 பேர். அசல் ஆய்வின் கணக்குப்படி முதல் நிலையில் ஊதியச் சரிவு அரை சதவீதத்தைக்கூட எட்டாது. அதோடு, ஆய்வு ஒரு தொழிற்பிரிவைப் பற்றிப் பேசியது. பரவிய வாக்கியமோ நாடு முழுவதையும் பற்றிப் பேசியது.

சராசரி என்ற சொல்லைக் கண்டால் இன்னொரு முறை நிறுத்திப் படியுங்கள். ஒரு பட்டறையில் ஒன்பது பேர் நாளுக்கு 1000 ரூபாய் வாங்குகிறார்கள். பத்தாவதாக ஒருவர் 600 ரூபாய்க்கு வந்து சேர்கிறார். சராசரிக் கூலி 960 ரூபாயாகிவிடுகிறது, ஆனால் எவருடைய கூலியும் குறையவில்லை. எனவே செய்தியில் வரும் சராசரியில் வந்தவர்களும் அடக்கமா, ஏற்கெனவே இருந்தவர்கள் மட்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

சம்பளம் எங்கே செலவாகிறது என்று கேளுங்கள்

ஒரு நாட்டில் இத்தனை வேலைகள்தான் உண்டு, ஒருவர் வந்தால் ஒருவர் வெளியேற வேண்டும் என்ற எண்ணம் எளிதில் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் வந்தவர் வேலை தேடுவதோடு நிற்பதில்லை. வாடகை கொடுக்கிறார், அரிசி வாங்குகிறார், முடி வெட்டிக்கொள்கிறார்; அந்தச் செலவு வேறு யாருக்கோ வேலையாகிறது. தொழிலாளர் கிடைப்பார்கள் என்று தெரிந்தால் முதலாளியும் புதிதாக ஓர் இயந்திரம் வாங்குகிறார், இன்னொரு கிளை திறக்கிறார். உழைப்பின் அளிப்பும் உழைப்புக்கான தேவையும் இப்படிச் சேர்ந்தே கூடுகின்றன. எது முந்தும், எவ்வளவு முந்தும் என்பதுதான் கேள்வி.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய அரிய நிகழ்வு ஒன்று ஜெர்மனியில் உண்டு. 1991 இல், செக் நாட்டு எல்லையை ஒட்டிய ஜெர்மன் ஊர்களில் செக் தொழிலாளர்கள் வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் அங்கே குடியிருக்கும் உரிமை கிடைக்கவில்லை. காலையில் எல்லை தாண்டி வந்து மாலையில் திரும்பிவிட்டார்கள், சம்பளத்தையும் தங்கள் ஊரிலேயே செலவிட்டார்கள். ஜெர்மன் ஊர்களுக்கு உழைப்பு மட்டும் வந்தது, அதனோடு வர வேண்டிய வாங்கும் சக்தி வரவில்லை. பொருளாதார அறிஞர் கிறிஸ்டியன் டஸ்ட்மனும் அவருடைய இணை ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்தபோது, உள்ளூர்க் கூலி சிறிதளவே குறைந்திருந்தது. உள்ளூரார் பெற்றிருந்த வேலைகளின் எண்ணிக்கையோ கணிசமாகக் குறைந்திருந்தது. அதுவும் ஆட்களை நீக்கியதால் வந்த குறைவன்று, புதிதாக உள்ளூராரை எடுக்காமல் விட்டதால் வந்த குறைவு. இதிலிருந்து படிப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு: "எத்தனை பேர் வேலை இழந்தார்கள்" என்று மட்டும் கேட்கும் செய்தி, கிடைத்திருக்க வேண்டிய வேலை கிடைக்காமல் போனவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஒப்பீடு எதனோடு? மியாமியை வைத்துப் பழகுங்கள்

குடியேற்ற ஆய்வுகளில் உள்ள பெரிய சிக்கலைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மியாமி நகரைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1980 ஏப்ரலில், விரும்புவோர் மரியேல் துறைமுகம் வழியாக நாட்டைவிட்டு வெளியேறலாம் என்று கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ அரசு அறிவித்தது. அக்டோபர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் புளோரிடா வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மியாமியிலேயே தங்கிவிட, நகரின் தொழிலாளர் தொகை சில மாதங்களுக்குள் 7 சதவீதம் பெருகியது. வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள்.

ஆய்வாளர்களுக்கு இது ஏன் இத்தனை முக்கியம் என்றால், வழக்கமாகக் குடியேறிகள் வேலை பெருகும் ஊரைத் தேடித்தான் போகிறார்கள். ஆகவே குடியேறிகள் மிகுந்த ஊர்களில் கூலியும் உயர்ந்திருக்கிறது என்ற புள்ளிவிவரம் தன்னளவில் எதையும் நிறுவுவதில்லை. கூலி உயர்ந்ததால் அவர்கள் வந்தார்களா, அவர்கள் வந்ததால் கூலி உயர்ந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. மியாமிக்கு வந்தவர்கள் அங்கே தொழில் செழித்ததற்காக வரவில்லை, கியூபத் தலைநகர் ஹவானாவில் கதவு திறந்ததற்காக வந்தார்கள். காரணம் வெளியே இருந்தது.

1990 இல் பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட் மியாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா ஆகிய நகரங்களோடு ஒப்பிட்டு, திறன் குறைந்த தொழிலாளர்களின் கூலியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 2021 ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசில் பாதியை அவர் பெற்றார். தொழிலாளர் பொருளாதாரத்தில் அவர் செய்த இத்தகைய களஆய்வுகளுக்காகவே அது வழங்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் போர்ஹாஸ் இதே நிகழ்வை மீண்டும் கையில் எடுத்தார். போர்ஹாஸே ஹவானாவில் பிறந்து 1962 இல் அமெரிக்கா வந்தவர். பள்ளியை முடிக்காத, ஸ்பானிய மரபைச் சேராத, 25 முதல் 59 வயது வரையிலான ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய கூலி 10 முதல் 30 சதவீதம் வரை சரிந்தது என்று 2017 இல் எழுதினார்.

அதே நகரம், அதே நிகழ்வு, அதே அரசுக் கணக்கெடுப்பு. இங்கேதான் வாசகர் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். முதலில், அளக்கப்பட்ட குழு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். போர்ஹாஸ் பிரித்தெடுத்த குழுவில், கணக்கெடுப்பின் மாதிரிக்குள் வந்த மியாமி ஆண்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது பேர்தான். இருபது பேரின் சராசரி இரண்டு மூன்று பேர் மாறினாலே ஆடும். அடுத்து, அந்தக் குழுவுக்குள் இருந்தவர்கள் இரு காலத்திலும் ஒரே வகையினரா என்று பாருங்கள். மைக்கேல் கிளெமென்சும் ஜெனிபர் ஹன்ட்டும் இதைத்தான் சோதித்தார்கள். அதுவரை கணக்கெடுப்பில் விடுபட்டுக்கொண்டிருந்த, கூலி குறைந்த கறுப்பின ஆண்களைக் கூடுதலாகச் சேர்க்க அரசு எடுத்த முயற்சி அதே ஆண்டுகளில் நடந்ததால், மாதிரியில் அவர்களுடைய பங்கு திடீரென்று உயர்ந்திருந்தது. சரிந்ததாகத் தெரிந்த கூலியில் பெரும்பகுதி, கணக்கெடுக்கப்பட்டவர்கள் மாறியதால் வந்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். போர்ஹாஸ் அதை ஏற்கவில்லை. என் மதிப்பீட்டில், கார்டின் முடிவு பொதுவாக நிற்கிறது. ஆனால் மிகச் சிறிய, மிக நலிந்த ஒரு குழுவுக்கு என்ன ஆனது என்று சொல்லும் அளவுக்கு இந்தத் தரவில் வலு இல்லை. இரண்டு பக்கத்தாரும் மியாமியை வைத்து முரசு கொட்டுவதைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பீட்டு நகரங்களும் எப்போதும் நம்பத்தக்கவை என்று சொல்ல முடியாது. 1994 இல் மீண்டும் ஒருமுறை பல்லாயிரம் கியூபர்கள் கடலில் இறங்கினார்கள். அமெரிக்க அரசு அவர்களைப் புளோரிடாவுக்கு விடாமல் கியூபாவிலுள்ள தன் குவான்டனாமோ கடற்படைத் தளத்துக்குத் திருப்பிவிட்டது. மியாமியின் தொழிலாளர் தொகையில் மாற்றம் ஏதும் இல்லை. ஆனால் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் ஆலன் க்ரூகரும் கார்டின் முறையையே அந்த ஆண்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தபோது, ஒப்பீட்டு நகரங்களைவிட மியாமியில் கறுப்பினத்தவரின் வேலையின்மை கூடியதாகத் தெரிந்தது. நடக்காத குடியேற்றம் "விளைவு" காட்டிய கதை இது. ஒரே ஓர் ஊரை வைத்து எழுதப்பட்ட எந்த முடிவையும், அது நமக்குப் பிடித்த முடிவாகவே இருந்தாலும், அளவோடு நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொழிலாளரைத் திருப்பி அனுப்பினால் என்ன நடந்தது என்றும் பாருங்கள்

வரவு கூலியைக் குறைக்கும் என்றால், வரவை நிறுத்தினால் கூலி உயர வேண்டும். இந்த எதிர்ச்சோதனையும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1942 இல் போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய பிராசெரோ திட்டத்தின்கீழ் மெக்சிகோ விவசாயத் தொழிலாளர்கள் பருவந்தோறும் அமெரிக்கப் பண்ணைகளுக்கு வந்தார்கள். 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். உள்நாட்டு விவசாயக் கூலிகளின் சம்பளம் உயர வேண்டும் என்ற நோக்கத்தோடு கென்னடி ஆட்சி இதை நெருக்கத் தொடங்கியது. 1964 டிசம்பர் இறுதியில் திட்டம் முடிவுக்கு வந்தது.

கூலி உயரவில்லை. கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் ஆகிய மூவர் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பிராசெரோ தொழிலாளரை நம்பியிருந்த மாநிலங்களில் கூலி உயர்ந்த வேகமும், அவர்கள் வராத மாநிலங்களில் உயர்ந்த வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. காரணத்தைத் தக்காளி வயலில் காணலாம். செடியை அடியோடு அறுத்து, உலுக்கிப் பழத்தை உதிர்த்து, இயந்திரத்தின் மேலேயே நின்று தொழிலாளர்கள் தரம் பிரிக்கும் அறுவடை இயந்திரமும், அந்த உலுக்கலில் நசுங்காத, எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்கும் தக்காளி ரகமும் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முன்பே உருவாகியிருந்தன. கைக்கு ஆள் கிடைத்தவரை பண்ணையார்கள் அவற்றை அவசரமாக வாங்கவில்லை. ஆள் வரத்து நின்றதும் சில ஆண்டுகளிலேயே பதப்படுத்தலுக்கான தக்காளி அறுவடை ஏறத்தாழ முழுவதும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. ஸ்ட்ராபெர்ரி, கீரைக்கோசு, ஆஸ்பரகஸ் போன்றவற்றுக்கு அப்போது தக்க இயந்திரம் இல்லை. அங்கே பயிரிடுவதையே குறைத்துக்கொண்டார்கள்.

ஆகவே ஒரு கொள்கையின் பலனை மதிப்பிடும் செய்தியைப் படிக்கும்போது, முதலாளிக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று பட்டியலிட்டுப் பாருங்கள். உள்நாட்டவருக்குக் கூடுதல் கூலி கொடுப்பது அவற்றில் ஒன்றுதான். இயந்திரம், பயிர் மாற்றம், தொழிலையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோதல், கடையை மூடுதல் எல்லாம் அதே பட்டியலில் உள்ளவை. இயந்திரம் தயாராக இருக்கும் தொழிலில் ஒரு விடையும், முதியோரைக் குளிப்பாட்டும் பணிபோல இயந்திரம் நுழைய முடியாத தொழிலில் வேறொரு விடையும் கிடைக்கும்.

யார் யாருக்குப் போட்டி?

நாடு தழுவிய கணக்குகளில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓர் அனுமானம். 2003 இல் போர்ஹாஸ், 1980 முதல் 2000 வரை அமெரிக்காவுக்கு வந்த குடியேறிகளால் உள்நாட்டவரின் சராசரிக் கூலி 3 சதவீதமும், பள்ளியை முடிக்காதவர்களின் கூலி 9 சதவீதமும் குறைந்தன என்று கணக்கிட்டார். ஒரே படிப்பும் ஒரே அனுபவமும் கொண்ட குடியேறியும் உள்நாட்டவரும் ஒருவர் இடத்தில் ஒருவர் அப்படியே பொருந்துவார்கள் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. ஜான்மார்கோ ஒட்டாவியானோவும் ஜோவானி பெரியும் 2012 இல் இந்த அடிப்படையைத் தளர்த்தினார்கள். மொழி தெரிந்த உள்நாட்டவர் கடை முகப்புக்கும் மேற்பார்வைக்கும் நகர்கிறார், வந்தவர் பின்கட்டு வேலைக்குப் போகிறார்; படிப்பு ஒன்றாக இருந்தும் வேலை ஒன்றல்ல. இப்படிக் கணக்கிட்டால், 1990 முதல் 2006 வரையிலான குடியேற்றம் நீண்ட காலத்தில் உள்நாட்டவரின் சராசரிக் கூலியை 0.6 சதவீதம் உயர்த்தியது. ஏற்கெனவே குடியேறியிருந்தவர்களின் கூலியை 6.7 சதவீதம் குறைத்தது.

அந்தக் கடைசி எண்ணை விவாதங்களில் எவரும் உரக்கச் சொல்வதில்லை. புதிதாக வருபவருக்கு நேர்ப் போட்டியாளர், அதே மொழி பேசும், அதே பேருந்தில் அதே வேலைக்குப் போகும், போன முறை வந்தவர்தான். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2016 அறிக்கையும் இதே திசையில்தான் பேசுகிறது: பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட கால அளவில் மொத்தக் கூலியில் விளைவு மிகச் சிறிது, இழப்பு தென்படும் இடங்களில் முன்பு வந்த குடியேறிகளும், அடுத்து பள்ளியை முடிக்காத உள்நாட்டவரும் அதைச் சுமக்கிறார்கள். பிரிட்டனில் டஸ்ட்மன் குழுவினரின் 2013 ஆய்வு, கூலி ஏணியின் அடிமட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்குச் சிறு இழப்பும் மேலே உள்ளவர்களுக்குச் சிறு ஆதாயமும் கண்டது. "உள்நாட்டவர்" என்று ஒரே சொல்லில் எல்லாரையும் சேர்க்கும் ஆய்வில் இந்த வேறுபாடு கரைந்துபோகும். அட்டவணைகளில் வருமான அடுக்குவாரியான பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

எண்ணிக்கையோடு விதியையும் படியுங்கள்

எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர் வேலை மாற முடியுமா என்பது கூலியை அதிகம் பாதிக்கக்கூடும். வளைகுடா நாடுகளுக்குப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும்போது, பக்கத்து நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் போக முடியாது. ஆகவே இருக்கும் முதலாளி கூட்டிக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2011 இல், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி பழைய முதலாளியின் சம்மதமின்றி வேறு நிறுவனத்தில் சேரலாம் என்று விதியைத் தளர்த்தியது. சுரேஷ் நாயுடுவும் உடனாய்வாளர்களும் சம்பளப் பதிவுகளைப் பார்த்தபோது, ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் 10 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. அதே சமயம் புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது. அதாவது ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு ஆதாயம், ஊரில் காத்திருந்தவர்களுக்கு இழப்பு.

உள்நாட்டவர் அடர்ந்திருக்கும் சந்தைகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலை மாற முடியாதவர், சங்கத்தில் சேர அஞ்சுபவர், ஆவணம் இல்லாததால் புகார் கொடுக்க முடியாதவர் ஆகியோர் கூலிப் பேரத்தில் அருகில் நிற்பவரையும் பலவீனப்படுத்துகிறார்கள். செய்தியில் சொல்லப்படும் கூலிச் சரிவு மனிதர்கள் வந்ததால் ஏற்பட்டதா, அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டதால் ஏற்பட்டதா என்று தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பரிகாரம் வெவ்வேறு. குடியேறிகள் கட்டும் வரியும் பெறும் அரசு உதவியும் இன்னொரு தனிக் கணக்கு. அதைக் கூலிக் கணக்கோடு கலந்து பேசும் கட்டுரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு படியுங்கள்.

முன்கணிப்புகளைப் படிக்கும்போது

2004 இல் போலந்து உள்ளிட்ட நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்குமுன், பிரிட்டனுக்கு நிகரமாக (வந்தவர்களில் திரும்பிப் போனவர்களைக் கழித்து) ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரக்கூடும் என்று உள்துறை அமைச்சகத்துக்காக எழுதப்பட்ட ஓர் ஆய்வு கணித்தது. 2006 ஜூனுக்குள் அந்த நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கான பதிவுத் திட்டத்தில் 4,27,000 பேர் ஏற்கப்பட்டிருந்தார்கள். இது பொருளாதார வல்லுநர்களின் கேலிக்குரிய தோல்வி என்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அந்தக் கணிப்பு, ஜெர்மனி போன்ற பெரிய நாடுகளும் தங்கள் சந்தையைத் திறக்கும் என்ற நிபந்தனையின்மேல் நின்றது. உண்மையில் பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் தவிர மற்றவை கதவைச் சாத்திக்கொண்டன. எதிரே வைக்கப்படும் எண்ணிலும் குறை உண்டு. பதிவுத் திட்டம் வந்து பதிந்தவர்களைக் கூட்டியதே தவிர, சில மாதங்களில் திரும்பிப் போனவர்களைக் கழிக்கவில்லை. சுயதொழில் செய்தவர்கள் அதில் பதியவே தேவையில்லை. நிகர வரவும் மொத்தப் பதிவும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் கணிப்பு மிகவும் தாழ்வாகவே இருந்தது என்பதில் ஐயமில்லை, ஆனால் எவ்வளவு தாழ்வு என்பதற்கு அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைப்பது விடையாகாது. அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டைக் காணும்போது, இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் அவை மொத்த வரவா, அந்த நேரத்தில் இருப்பவர்களின் தொகையா, நிகரமா என்று பென்சிலால் குறித்துவிட்டு, கணிப்பின் நிபந்தனை என்ன என்று மூல அறிக்கையின் முதல் சில பக்கங்களில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயே எழுதியிருப்பார்கள்.